பூஞ்சை பிடித்த நிலக்கடலையை வறுத்தால் நச்சு நீங்கிவிடுமா?

முழுதாக நீங்காது. வறுக்கும்போது பூஞ்சை மடிந்துவிடும். ஆனால் அது முன்பே பருப்புக்குள் சுரந்துவைத்த அஃப்லாடாக்சின் என்னும் நச்சில் கணிசமான பகுதி சிதையாமல் எஞ்சும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோது, அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்த நச்சைக் கண்டறிந்தார்கள். உடலுக்குள் சென்ற, இந்நச்சின் ஒரு வகையான அஃப்லாடாக்சின் பி1-ஐக் கல்லீரல் நொதிகள் வெளியேற்ற முனையும்போது, அது டி.என்.ஏ.வோடு பிணையக்கூடிய எபாக்சைடு என்னும் வீரியமிக்க வேதிப்பொருளாக மாறுகிறது. நச்சை அகற்ற வேண்டிய உறுப்பே அதைக் கூர்தீட்டிக் கொடுப்பதுதான் இதில் விந்தை. இதனால், புற்றுக்கட்டி உருவாகாமல் தடுக்கும் பி53 மரபணு பிறழ்ந்து கல்லீரல் புற்றுநோய்க்கு வழிகோலலாம். ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் உள்ளவர்களுக்கு அபாயம் பன்மடங்கு அதிகம். சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளை முன்பே பொறுக்கி எறிந்தால் நச்சின் அளவு வெகுவாகக் குறையும். எனினும் பார்வைக்கு நன்றாயிருக்கும் பருப்பிலும் அது இருக்கலாம் என்பதால், அறுவடை முடிந்ததும் விரைந்து உலர்த்துவதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.