பவர் ஏத்துனா மட்டும் போதுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நியூட்ரான் ஆராய்ச்சிக் கூடங்களைப் பத்தி (அணுவுக்குள்ள இருக்கற நியூட்ரான்ங்கற துகள பொருள் மேல விட்டு, அதோட உள் அமைப்பப் பாக்கற இடங்கள்) நாலு வரி எழுதிட்டு "எல்லாம் பழசாயிருச்சு, புதுப்பிக்கிறாங்க"ன்னு சட்டுனு முடிச்சிட்டேன். அதுக்கு இத்தன கேள்வி வரும்னு நெனைக்கவே இல்ல. அதனால இந்த தடவ முழுக்க அதுதான், சினிமா கேள்வி அனுப்புனவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: நாப்பது அம்பது வருஷப் பழைய மெஷினுக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டே இருக்கறதுக்கு, இடிச்சிட்டு புதுசா கட்டலாமே?

புதுசும் கட்றாங்க சார், ஸ்வீடன்ல லுண்ட்ங்கற ஊர்ல ஐரோப்பிய ஸ்பாலேஷன் சோர்ஸ்னு ஒண்ணு (ஸ்பாலேஷன்னா புரோட்டான வேகமா மோதவிட்டு நியூட்ரான் எடுக்கறது), 2014ல வேலைய ஆரம்பிச்சு பத்து வருஷம் தாண்டிருச்சு. அது ரெடியாகுமுன்னயே 2019ல பெர்லின்ல இருந்த பி.இ.ஆர். 2 ரியாக்டரையும் (அணு உலை) பிரான்ஸ்ல சக்லேல இருந்த ஓர்ஃபே ரியாக்டரையும் மூடிட்டாங்க, அதே வருஷம் ரெண்டும். அங்க வேலை பாத்தவங்கெல்லாம் எங்க போவாங்க? மிச்சம் இருக்கற பழைய இடங்களுக்குத்தான், அங்க ஏற்கனவே பீம்டைம் (சோதனை பண்ண மெஷின் நேரம்) கேட்டு பெரிய கியூ. புதுசு வர்ற வரைக்கும் பழசு ஓடணும், அதுவும் நல்லா ஓடணும், அதுக்குத்தான் இந்த ஒட்டெல்லாம்.

இன்னொண்ணு, இங்கிலாந்துல ரதர்ஃபோர்ட் ஆப்பிள்டன் லேப்ல இருக்கற ஐசிஸ்ங்கற நியூட்ரான் கூடம், அது பொறந்ததே ஒட்டு வேலைலதான். நிம்ராட்னு ஒரு பழைய புரோட்டான் முடுக்கி 1978ல நின்னுபோச்சு, அது இருந்த கட்டடத்துலயே ஐசிஸ வச்சாங்க, 1984 டிசம்பர்ல முதல் நியூட்ரான் வந்துச்சு. (பேரப் பாத்து பயப்படாதீங்க, 1985ல வச்ச பேரு, ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் தேம்ஸ் நதிய அப்படித்தான் கூப்பிடுவாங்க.)

கேள்வி: மேம்படுத்தறதுன்னா பவர ஏத்தறதுதானே? 2 மடங்கு பவர் குடுத்தா 2 மடங்கு நியூட்ரான், இதுல என்ன பெரிய ஆராய்ச்சி?

இந்த கேள்வி மட்டும் ஏழெட்டு பேர் கேட்ருக்காங்க. கணக்கு சரிதான், ஆனா நியூட்ரானுக்கு சார்ஜ் கிடையாதுங்கறத மறந்துட்டீங்க. எலெக்ட்ரான் மாதிரி மின்புலம் வச்சு திருப்பி ஓட்டிட்டுப் போக முடியாது. நியூட்ரான் சோர்ஸ்ங்கறது குண்டு பல்பு மாதிரி, எல்லாப் பக்கமும் அடிக்கும், அதுல உங்க சாம்பிள் (சோதிக்கற பொருள்) மேல போய் விழறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம், மிச்சமெல்லாம் சுத்தி இருக்கற கான்கிரீட்டுக்கும் இரும்புக்கும்தான் போகுது. ஓட்டைப் பானைல ரெண்டு மடங்கு தண்ணி ஊத்தலாம், தப்பில்ல, ஆனா மொதல்ல ஓட்டைய அடைக்கலாம்ல?

பவர ஏத்தறதுக்கும் ஒரு எல்ல இருக்கு. பிரான்ஸ் கிரெனோபிள்ல ஐ.எல்.எல். ரியாக்டர் 1971ல ஓட ஆரம்பிச்சது, 58 மெகாவாட், அவ்வளவு பவரும் ஒரே ஒரு எரிபொருள் உருளைல இருந்து வருது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு செகண்டுக்கு 1500 லட்சம் கோடி நியூட்ரான், எரிபொருள சுத்தி இருக்கற கனநீருக்குள்ள (கனமான ஹைட்ரஜன் இருக்கற தண்ணி). அம்பது வருஷமாகியும் பீம் குடுக்கற ரியாக்டர்கள்ல அதை யாரும் பெருசா தாண்டல. அறிவு பத்தாம இல்ல, அவ்வளவு சின்ன எடத்துல வர்ற சூட்ட அதுக்கு மேல வேகமா எடுக்க முடியல, அதான்.

சரி, ரியாக்டர விட்டுட்டு, புரோட்டான முடுக்கி மோதவிடற வகைக்கு மாறுனா? அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ்ல எஸ்.என்.எஸ்., 2006ல ஆரம்பிச்சது, 1.4 மெகாவாட்டுக்குப் போட்டது. அத 2 மெகாவாட்டுக்கு மேல கொண்டுபோக புரோட்டான் ஆற்றல 1 ஜி.இ.வி.ல (துகளோட ஆற்றல அளக்கற அலகு) இருந்து 1.3க்கு ஏத்துனாங்க. ஆனா அங்க டார்கெட் (புரோட்டான் மோதற பொருள்) திரவ பாதரசம், செகண்டுக்கு 60 தடவ புரோட்டான் அடி விழுது, ஒவ்வொரு அடிக்கும் பாதரசத்துல அழுத்த அலை கெளம்பி, குமிழி உண்டாகி, அது உடையும்போது சுத்தி இருக்கற ஸ்டீல்ல குழி விழுது. அடிய பலமாக்குனா குழியும் பெருசாகும், டார்கெட்ட சீக்கிரம் மாத்தணும். அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது, பாதரசத்துக்குள்ள குட்டிக் குட்டி ஹீலியம் குமிழிய விட்டுட்டாங்க, அது குஷன் மாதிரி அடிய வாங்கிக்குது. குமிழியால வந்த வினைக்கு குமிழியே வைத்தியம்.

அதனால பவர் மட்டும்தான் மேம்பாடுன்னு நான் சொல்ல மாட்டேன். எந்த இடமாவது "புதுப்பிச்சோம்"னு சொன்னா, எத்தன மெகாவாட்டுன்னு கேக்காதீங்க, சாம்பிள் மேல எத்தன நியூட்ரான் விழுது, டிடெக்டர் எத்தன எண்ணுதுன்னு கேளுங்க.

கேள்வி: அப்ப அந்த ஓட்டைய எப்படித்தான் அடைக்கறாங்க?

கைடுன்னு ஒரு குழாய், நியூட்ரான சாம்பிள் வரைக்கும் கொண்டுபோறது. உள்பக்கம் நிக்கல் பூசுன கண்ணாடி, வேகம் கொறஞ்ச நியூட்ரான் அதுல ரொம்பச் சாய்வா பட்டா உள்ள ஊடுருவாம அப்படியே வழுக்கி திரும்பிடும், கெணத்துத் தண்ணில சாய்வா எறிஞ்ச ஓட்டாஞ்சில்லு மாதிரி. அந்தக் கோணம் ரொம்பச் சின்னது. 1976ல ஃபெரெங்க் மெசைங்கறவர், நிக்கலையும் டைட்டானியத்தையும் மாதிரி ரெண்டு பொருள மாத்தி மாத்தி, கனத்த கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே அடுக்குனா அந்தக் கோணத்தப் பெருசாக்கலாம்னு சொன்னாரு, அதுதான் சூப்பர்மிரர். கோணம் 3 மடங்கானா படுக்கைலயும் 3, நிமிர்ந்தும் 3, ஆக 9 மடங்கு வரைக்கும் வாய்ப்பு இருக்கு. நடைமுறைல அவ்வளவு வராதுதான், பாதி வந்தாலும் ரியாக்டரத் தொடாமலேயே கெடைச்ச லாபம். சுவிட்சர்லாந்துல பால் ஷெரர் இன்ஸ்டிட்யூட் 2019-20ல தன்னோட சின்க்ங்கற நியூட்ரான் சோர்ஸ நிறுத்தி முக்கியமா பண்ணது இந்த கைடு மாத்தற வேலையத்தான்.

அடுத்து மாடரேட்டர். பொறக்கற நியூட்ரான் பயங்கர வேகத்துல இருக்கும், ஹைட்ரஜன் இருக்கற பொருள்ல மோதவிட்டு வேகத்தக் கொறைக்கணும், திரவ ஹைட்ரஜன்ல மைனஸ் 253 டிகிரி வரைக்கும் குளிர வச்சா நியூட்ரானும் குளிரும். டார்கெட்டுக்கும் மாடரேட்டருக்கும் நடுவுல சில சென்டிமீட்டர் தள்ளி வச்சாக்கூட வெளிய வர்ற எண்ணிக்கை மாறும், எண்பதுகள்ல அதைக் கணக்குப் போட இப்ப இருக்கற கம்ப்யூட்டர் இல்ல. இன்னிக்கு அதே இடத்துல, அதே புரோட்டான வச்சே அதிகம் எடுக்கலாம்.

கேள்வி: மெஷின்ல உண்மையிலயே எது பழசாகுது? இரும்பு இரும்புதானே?

இரும்பும்தான் மேடம்! நியூட்ரான் அடிச்சு அடிச்சு அணுக்கள எடம் மாத்திடும், இரும்பு கடினமாகி, வளையறதுக்கு பதில் உடையற குணத்துக்கு வந்துடும். ஓக் ரிட்ஜ்லயே எச்.எஃப்.ஐ.ஆர்.னு 1965 ரியாக்டர் ஒண்ணு, 1986ல சோதிச்சப்ப ரியாக்டர் உள்ள இருக்கற இரும்புப் பாத்திரம் கணக்குப் போட்டத விட சீக்கிரமா உடையற நிலைக்குப் போறது தெரிஞ்சு நிறுத்துனாங்க, அப்பறம் 100 மெகாவாட்டுக்கு பதிலா 85லதான் ஓட்டுனாங்க. கிரெனோபிள்ல 1991ல நிறுத்துன ரியாக்டர் பாத்திரத்தையே மாத்தி 1995லதான் திரும்ப ஓடுச்சு.

கண்ணாடியும் பழசாகும். கைடு கண்ணாடில போரான் இருந்தா அது நியூட்ரான முழுங்கி உள்ளுக்குள்ளயே ஆல்ஃபா துகள விடும், கண்ணாடி உள்ளேருந்து சிதையும். ஐசிஸ்ல ஒரு மாடரேட்டர் திரவ மீத்தேன், கதிர்வீச்சுல மூலக்கூறு உடைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி குழாய்ல பிசினா படியும். டங்ஸ்டன் டார்கெட்ட தண்ணி அரிக்கும்னு அதுக்கு டாண்டலம் சட்ட போட்டு வச்சிருக்காங்க.

இதெல்லாத்தையும் விட பெரிய தலைவலி, எதையும் கையால தொட முடியாது. ஐசிஸ் முதல் டார்கெட் ஸ்டேஷன 2021ல நிறுத்தி உள்ள இருந்த டார்கெட், ரிஃப்ளெக்டர் (சிதறற நியூட்ரான உள்ள திருப்பி விடறது), மாடரேட்டர் எல்லாத்தையும் புதுசாக்குனாங்க, 2022 கடைசில திரும்ப நியூட்ரான் வந்துச்சு. பல வருஷம் புரோட்டான் அடி வாங்குன பொருள், பக்கத்துல ஆள் போக முடியாது, கனமான கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்னு ரிமோட் கை வச்சுத்தான் ஒவ்வொரு போல்ட்டும். அதனால புது டிசைன்ல "எவ்வளவு நியூட்ரான்"ங்கறதோட "அடுத்த தடவ எவ்வளவு சுலபமா கழட்டலாம்"ங்கறதும் சரிசமமா இருந்துச்சு. எண்பதுகள்ல கட்டுனவங்களுக்கு கழட்டறவன் யாருன்னு தெரியாதுல்ல.

ஆளுங்களும் பழசாவாங்க, ரிட்டயர் ஆவாங்க. அமெரிக்காவுல நிஸ்ட்ங்கற அரசு அளவியல் நிறுவனத்தோட ரியாக்டர்ல 2021 பிப்ரவரில ஒரு எரிபொருள் கட்டை சரியா பூட்டாம ஓட்டி, அது சூடாகி சேதமாச்சு, திரும்ப ஆரம்பிக்க 2023 ஆயிருச்சு. பயிற்சியும் எழுதி வச்ச செயல்முறையும் போதலன்னு விசாரணைல வந்துச்சு. கைல பழகுன வித்த தாள்ல ஏறாம போனா இப்படித்தான்.

கேள்வி: எக்ஸ்ரே இருக்கே, அது போதாதா?

எக்ஸ்ரேக்கு ஹைட்ரஜன் கண்ணுல படறதே கஷ்டம், நியூட்ரானுக்கு பளிச்சுனு தெரியும். நியூட்ரான் தானே ஒரு குட்டி காந்தங்கறதால காந்தப் பொருளோட உள் அமைப்பையும் காட்டும். ரெண்டும் போட்டி இல்ல, ஜோடி.

கேள்வி: டிடெக்டர மட்டும் மாத்துனா செலவு கம்மிதானே?

ஆமா, ஆனா ஒரு சிக்கல். பல வருஷமா டிடெக்டர்னா ஹீலியம்-3 வாயு. அது டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) சிதையறதுல வர்றது, டிரிட்டியத்தோட அரை ஆயுள் (பாதி சிதைய ஆகற காலம்) 12 வருஷத்துக்கு மேல, அவசரம்னா கூட நெனைச்ச நேரத்துல செஞ்சிட முடியாது, 2009 வாக்குல உலகம் முழுக்க தட்டுப்பாடு வந்துருச்சு. அதுலேருந்து போரான்-10 பூச்சு, லித்தியம்-6 சிண்டிலேட்டர் (நியூட்ரான் பட்டா மின்னற பொருள்)னு மாற ஆரம்பிச்சாங்க. பழைய டிடெக்டர்ல இருந்த வாயுவ வெளிய விடாம பத்திரமா எடுத்து வச்சுக்கறதும் இப்ப மேம்பாட்டு வேலைல ஒண்ணு.

கேள்வி: பழசப் புதுப்பிச்சு உடனே மூடுன கதை இருக்கா?

இருக்கு. மும்பை டிராம்பேல சைரஸ், 1960 ரியாக்டர், 40 மெகாவாட். 1997ல நிறுத்தி சில வருஷம் பழுது பாத்து திரும்ப ஓட்டுனாங்க, 2010 டிசம்பர் 31 அன்னிக்கு நிரந்தரமா மூடிட்டாங்க. மெஷின் கெட்டுப்போய் இல்ல, இந்திய-அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தத்தோட சேர்ந்து வந்த முடிவு அது. அதே வளாகத்துல 1956ல வந்த அப்சராவ 2009ல நிறுத்திட்டு, 2018 செப்டம்பர்ல அப்சரா-யு-ன்னு புது ரியாக்டரா கொண்டு வந்தாங்க, 2 மெகாவாட், குறைவா செறிவூட்டுன யுரேனியம். மேல கேட்டாரே "இடிச்சிட்டு புதுசா கட்டலாமே"ன்னு ஒருத்தரு, சைரஸுக்கு ஒரு பதிலும் அப்சராவுக்கு இன்னொரு பதிலும் ஒரே காம்பவுண்டுக்குள்ளயே இருக்கு.