ஒரு ஊகத்தை ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாகச் சோதித்துப் பார்ப்பதற்கு அவரவர் குணம் காரணமா?

ஓரளவுக்கு ஆமாம். ஆனால் அந்த வித்தியாசம் தெரிவது அறிவுக்கூர்மையில் இல்லை. "போதும், தெரிந்துவிட்டது" என்று ஒருவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதில்தான்.

உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-இல் வெளியிட்ட ஒரு சோதனையை வீட்டில் விளையாட்டாக வைத்துப் பார்த்தேன். 2, 4, 6 என்ற எண்கள் என் மனதில் உள்ள ஒரு விதிக்குப் பொருந்தும். நீங்கள் வேறு மூன்று எண்கள் சொன்னால் பொருந்துமா இல்லையா என்று சொல்வேன். அதை வைத்து விதியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அக்கா 8, 10, 12 என்றாள். பொருந்தும். 20, 22, 24. அதுவும் பொருந்தும். "ரெண்டு ரெண்டா கூடுது, அவ்வளவுதானே?" என்று முடித்துவிட்டாள். தம்பியும் அப்படித்தான் ஆரம்பித்தான். விடை சொல்ல வாயெடுத்தவன், "இரு, 1, 2, 50 பொருந்துமா?" என்றான். பொருந்தும் என்றதும் முகமே மாறிவிட்டது. அடுத்து 6, 4, 2. பொருந்தாது. "ஏறுவரிசையில இருந்தாலே போதுமா!" விதி அதேதான். வேசனிடம் வந்த 29 பேரில் 6 பேர்தான் முதல் விடையையே சரியாகச் சொன்னார்கள்.

கணக்கில் அக்காதான் கெட்டி. ஆனால் அவளுக்கு எந்த விஷயமும் தொங்கலில் நிற்கக் கூடாது. உளவியலில் இதை 'முடிவுக்கான தேவை' என்கிறார்கள். இதை அளக்க வெப்ஸ்டரும் க்ருக்லான்ஸ்கியும் 1994-இல் ஓர் அளவுகோலே வெளியிட்டார்கள். இது அதிகம் உள்ளவர்கள் முதலில் கிடைத்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். ஆனால் இது பிறவிக்குணம் மட்டும் இல்லை. அவசரமும் இரைச்சலும் யாரையும் இந்தப் பக்கம் தள்ளும்.

நினைத்ததற்கு ஆமாம் சொல்லும் கேள்வியையே தேடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். 1978-இல் ஸ்னைடர், ஸ்வான் இருவரும் செய்த ஆய்வில், எதிரில் இருப்பவர் கலகலப்பானவரா என்று கண்டறியச் சொன்னபோது, பலரும் "விருந்தைக் களைகட்ட வைக்க என்ன செய்வீர்கள்?" போன்ற கேள்விகளையே தேர்ந்தெடுத்தார்கள். கூச்ச சுபாவம் உள்ளவரும் இதற்கு ஏதாவது பதில் சொல்லத்தானே செய்வார்? எனக்கு இதுதான் பெரிய கவலை. எண்களில் தப்பினால் நஷ்டம் இல்லை, ஒரு மனிதரை எடைபோடுவதில் தப்பினால் அவர் பாடு என்ன?

மறுநாள் வேறொரு விதியை வைத்தேன். இந்த முறை அக்காவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: விடை சொல்வதற்கு முன், 'பொருந்தாது' என்று அவளே நம்பும் மூன்று எண்களை என்னிடம் கேட்டாக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே கேட்டாள். தம்பிக்கு முன்னால் பிடித்துவிட்டாள்.