பூச்சிக்குத் தெளிக்கும் மருந்து பறவையை எப்படிப் பாதிக்கிறது?

டி.டி.டி. போன்ற பழைய மருந்துகளைப் பொறுத்தவரை, அவற்றின் நச்சுத்தன்மையைவிட, எளிதில் சிதையாமல் கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கிவிடும் இயல்புதான் பெரிய சிக்கல். நீரில் மிகச் சிறிய அளவில் இருக்கும் நஞ்சு, மிதவை உயிரிகளிலிருந்து சிறு மீன்களுக்கும், அவற்றை உண்ணும் பெரிய மீன்களுக்கும், இறுதியில் மீனுண்ணும் கழுகுகளுக்கும் செல்லும்போது, ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடிக்கொண்டே போகிறது. டி.டி.டி. சிதைந்து உருவாகும் டி.டி.இ., முட்டையோட்டில் கால்சியம் படிவதைக் குறைப்பதால், அடைகாக்கும் பறவையின் எடையையே தாங்காமல் முட்டைகள் நொறுங்கின. அமெரிக்கா 1972இல் வேளாண்மையில் டி.டி.டி.யைத் தடை செய்த பின்னரே வெண்தலைக் கழுகுகளின் எண்ணிக்கை மீண்டது. இன்றைய நியோனிகோடினாய்டு வகைப் பூச்சிமருந்துகள் கொழுப்பில் இவ்வாறு சேர்வதில்லை என்பது உண்மையே. ஆனால் அவை மகரந்தத்திலும் பூந்தேனிலும் கலந்து தேனீக்களைத் தாக்குவதால், ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அவற்றுள் மூன்றைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை விதித்தது.