மைக் பிடிப்பவர் பணம் கட்டலாமா?

வணக்கம் ஐயா,

ஸ்னூக்கர் வீரர் வில்லி தோர்ன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். இருபத்தெட்டு வயது வரைக்கும் கபடி ஆடினேன். முழங்கால் போன பிறகு திருவிழாப் போட்டிகளில் மைக் பிடிக்கிறேன். பென்னாகரம், அரூர் வரைக்கும் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் 'ஆட முடியாதவன்தான் பேச வருவான்' என்று கூட ஆடின பசங்களே சொல்லும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தோர்னும் அப்படித்தானே? ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்றுவிட்டு மைக்குக்கு வந்தவர்தானே?

அப்புறம் இன்னொன்று. எந்த டீம் தேறும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதனால் பசங்க என்னைக் கேட்டுப் பணம் கட்டுகிறார்கள். நானும் சில சமயம் ஐநூறு, ஆயிரம் போடுவேன். பெரிய தொகை எல்லாம் இல்லை. சூதாட்டத்தால் அழிந்த மனிதர் என்று தெரிந்தும் தோர்னைப் பற்றி இவ்வளவு பிரியமாக எழுதியிருக்கிறீர்களே, ஏன்?

ஒரு வாசகர், பாலக்கோடு

* * *

அன்புள்ள தம்பி,

தோர்ன் தோற்றுப்போய் மைக்குக்கு வந்தவர் இல்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் பக்கத்துக்காரர். 1975ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1985 தொடக்கத்தில் மெர்க்கன்டைல் கிரெடிட் கிளாசிக் கோப்பையை வென்றார். இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் முன்னாள் உலக சாம்பியன் கிளிஃப் தோர்பர்ன். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே பிபிசியில் வர்ணனையும் செய்தார்.

ஸ்னூக்கரில், அதாவது மேசையில் கோலால் பந்துகளைக் குழிக்குள் தள்ளும் ஆட்டத்தில், ஒரே மூச்சில் 147 புள்ளி எடுப்பது பெரிய சாதனை. பதினைந்து சிவப்புப் பந்துகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு கறுப்பைப் போட வேண்டும். கடைசியில் ஆறு வண்ணப் பந்துகளையும் வரிசையாகப் போட வேண்டும். பயிற்சி மேசையில் தோர்ன் இதைக் கிட்டத்தட்ட இருநூறு முறை செய்தவர் என்பார்கள். போட்டியில் ஒரே ஒரு முறைதான், 1987ல். பயிற்சிக்கும் போட்டிக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தை அவர் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு.

நீங்கள் சொல்லும் தோல்வி 1985 கடைசியில், பிரஸ்டன் நகரில் நடந்த யுகே சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். எதிரில் ஸ்டீவ் டேவிஸ். முதலில் 16 ஃபிரேம், அதாவது 16 தனி ஆட்டங்கள், எடுப்பவருக்குக் கோப்பை. தோர்ன் 13-8 என்று முன்னிலையில் இருந்தார். அடுத்த ஃபிரேமும் கைக்கு வந்துவிட்டது. மேசையின் நட்டநடுவில், தனக்குரிய இடத்திலேயே நின்ற நீலப் பந்து. அவர் தரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அது குழிக்குள் விழவில்லை. அதற்கு அப்புறம் டேவிஸ் ஒன்பது ஃபிரேமில் எட்டை எடுத்து 16-14 என்று ஜெயித்தார். தோர்ன் என்றாலே இன்றைக்கும் அந்த நீலப் பந்தைத்தான் சொல்கிறார்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வது இங்கேதான் தவறு என்று நினைக்கிறேன். பந்து விழுவது நமக்கே தெரியும். அடித்த பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும், அங்கிருந்து அடுத்த பந்து கிடைக்குமா, இந்த நேரத்தில் கை எப்படி இறுகும் என்பதெல்லாம் ஆடித் தோற்றவருக்குத்தான் தெரியும். வீட்டில் கேபிள் வந்த புதிதில் ராத்திரி நேரங்களில் ஸ்னூக்கர் பார்ப்பேன். பழைய ஆட்டக்காரர்களின் வர்ணனை இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அது வெறும் வண்ணப் பந்துகள்தான். (நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1875ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் நடுவே பிறந்து, 1882ல் நம் ஊட்டி கிளப்பில்தான் அதற்கு விதிகள் எழுதப்பட்டன.)

எனக்கு மிகவும் பிடித்த வர்ணனை ஜாக் கார்னெம் சொன்னது. அவர் 1969ல் பில்லியர்ட்ஸில் உலக அமெச்சூர் சாம்பியன். 1983ல் ஷெஃபீல்டில், உலக சாம்பியன்ஷிப்பில் அதுவரை யாரும் எடுக்காத 147ஐ நோக்கி கிளிஃப் தோர்பர்ன் போய்க்கொண்டிருக்கிறார். பக்கத்து மேசையில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். கடைசிக் கறுப்புக்கு அவர் குனிகிறார். அந்த நேரத்தில் எவ்வளவோ பேசியிருக்கலாம். கார்னெம், 'ஓ, குட் லக் மேட்' என்றார், அவ்வளவுதான். பந்து விழுந்தது, தோர்பர்ன் மண்டியிட்டார். அந்த இடத்தில் எவ்வளவு குறைவாகப் பேச வேண்டும் என்று தெரிவது, மேசைக்கு முன்னால் நின்ற ஒருவருக்குத்தான் வரும். டென்னிஸ் டெய்லர் போட்டு ஆடிய தலைகீழ் மாதிரியான பெரிய கண்ணாடியைச் செய்து கொடுத்தவரும் இதே கார்னெம்தான். டெய்லர் அந்தக் கண்ணாடியோடு 1985ல் உலக சாம்பியன் ஆகி, பிற்பாடு தானும் வர்ணனைக்கு வந்தார்.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது அந்த ஐநூறும் ஆயிரமும்தான்.

ஜான் பாரட் என்ற ஆட்டக்காரர் ஒரு போட்டி சமயத்தில் தன் கியூவை இழந்துவிட்டார். ஸ்னூக்கர்காரர்களுக்கு அந்தக் கோல் சின்ன விஷயம் இல்லை. ஒரே கோலை வருஷக்கணக்கில் வைத்து ஆடுவார்கள், அதன் எடையும் நுனியும் கைக்குப் பழகியிருக்கும். கடன் வாங்கிய கோலோடு பாரட் ஜெயிக்க மாட்டார் என்று கணக்குப் போட்டு, அவர் தோற்பார் என்று தோர்ன் 38,000 பவுண்டு கட்டினார். அந்த ஆட்டத்துக்கு வர்ணனை செய்ததும் தோர்ன்தான். பாரட் பந்துக்கு மேல் பந்தாகப் போட்டுக்கொண்டே போகிறார். ஒவ்வொன்றும் நல்ல அடி என்று ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியது இவர் வேலை. ஒவ்வொன்றும் இவர் பணத்தைக் கொண்டுபோகிறது. பாரட் ஜெயித்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் தம்பி. தோர்னுக்குக் கிடைத்த தகவல் சரியான தகவல். அந்த அறையில் அவரைவிட ஆட்டம் தெரிந்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். 'எனக்கு ஓரளவு தெரியும்' என்று நீங்கள் எழுதியிருப்பது, அவருக்கு முழுசாகவே தெரியும். அந்தத் தெரிதல்தான் அவரைத் திரும்பத் திரும்பப் பணம் கட்ட வைத்தது. 2016ல் திவாலானார். 2020 ஜூனில் ஸ்பெயினில் இறந்தார், 66 வயது.

பணம் போவது ஒரு பக்கம். திருவிழாக் கபடியை நானும் பார்த்திருக்கிறேன். டியூப்லைட் வெளிச்சம், புழுதி, கோட்டைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியடிக்கும். ரெய்டுக்குப் போன பையன் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைக்கிறான். பின்னங்கால் தரையை விட்டு எழுந்ததா இல்லையா என்பது நடுவருக்கே சந்தேகம். அவர் கை தூக்குவதற்கு முன் மைக்கில் 'போனஸ்!' என்று ஒரு குரல் வந்தால், மொத்தக் கூட்டமும் கத்தும். அப்புறம் நடுவர் மறுப்பது கஷ்டம். அந்தக் குரல் உங்களுடையது. அந்த டீம் மேல் உங்கள் ஐநூறு ரூபாய் இருந்தால், நீங்கள் யோக்கியமாகவே கத்தினாலும், கண் எதைப் பார்த்தது என்று உங்களுக்கே நிச்சயமாகத் தெரியாது. வேலையை விட்டுவிட்டு வந்து ஆடுகிற அந்தப் பசங்களுக்கு இது பெரிய அநியாயம்.

தோர்னைப் பற்றிப் பிரியமாக எழுதியது ஏன் என்று கேட்டீர்கள். பாரட் கதை நமக்குத் தெரிவதற்கே காரணம் தோர்ன்தான். தனக்கு அவமானம் என்று தெரிந்தும் அதை ஊரறியச் சொன்னார். சூது ஒரு நோயாகத் தன்னைப் பிடித்திருந்ததையும் மறைக்கவில்லை. அவர் குடும்பம் பட்ட பாட்டை இது ஈடுகட்டாது. ஆனாலும் அந்த வாக்குமூலத்தை நான் மதிக்கிறேன்.

அடுத்த போட்டியிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். யார் ஜெயிப்பார்கள் என்று பசங்க கேட்டால், மைக் பிடிக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். முதலில் கோபித்துக்கொள்வார்கள், பிறகு பழகிவிடும். இன்னொரு வேண்டுகோளும் உண்டு: ரெய்டு நடக்கும் அந்த முப்பது விநாடியில் நன்கொடையாளர் பட்டியலைப் படிக்காதீர்கள். விழாக் குழு வற்புறுத்தினாலும் இடைவேளையில் படித்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரி பக்கம் போட்டிக்கு வந்தால் தேதி எழுதுங்கள். அவசியம் வருகிறேன்.