அட்டை வில்லைகளில் விண்வெளிப் போர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1970களிலும் 1980களிலும் வெளிவந்த அறிவியல் புனைவுப் போர்ப் பலகை விளையாட்டுகளைப் பற்றி இப்பகுதியில் அடிக்கடி எழுதுகிறீர்கள். அவற்றுள் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள், ஐயா?

பதில்: 'ஓகர்' விளையாட்டைத்தான். ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்த இதை, அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இயங்கிய மெட்டாகேமிங் நிறுவனம் 1977இல் தன் 'மைக்ரோகேம்' வரிசையின் முதல் விளையாட்டாக வெளியிட்டது. விலை 2.95 டாலர். ஒரு சிறிய விதிப் புத்தகம், அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட ஒரு தாள் வரைபடம், கத்தரிக்கோலால் நாமே வெட்டிக்கொள்ள வேண்டிய மெல்லிய அட்டை வில்லைகள் ஆகியவையே அதில் இருந்தன. சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் அந்தச் சிறு பொருளுக்குள் இருந்த சிந்தனை, அதைவிடப் பல மடங்கு பெரிய பெட்டிகளில் வந்த விளையாட்டுகள் பலவற்றில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆட்டத்தின் கருவை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒரு பக்கம், தன் கட்டளையகத்தைக் காக்க நிற்கும் ஒரு முழுப் படை. மறு பக்கம், உள்ளே மனிதர் எவரும் இல்லாமல் தானே சிந்தித்துப் போரிடும் ஒரே ஒரு ராட்சத டாங்கி. அதன் பெயர்தான் ஓகர். அடிப்படை ஆட்டத்தில் வரும் மூன்றாம் மாதிரி ஓகருக்கு ஒரு முதன்மைப் பீரங்கி, நான்கு துணைப் பீரங்கிகள், இரண்டு ஏவுகணைகள், காலாட்படையைச் சுடுவதற்கான எட்டுத் துப்பாக்கிகள், 45 சங்கிலிப் பட்டை அலகுகள் ஆகியன உண்டு. காக்கும் தரப்புக்கோ 20 வலிமைப் புள்ளிகள் கொண்ட காலாட்படையும் 12 கவசப் பிரிவுகளும் கிடைக்கின்றன. ஆனால் ஹோவிட்சர் பீரங்கி ஒன்றை எடுத்தால் அது இரண்டு பிரிவுகளாகக் கணக்கிடப்படும்.

ஒரே அடியில் ஓகரை அழிக்க வழியே இல்லை. அதன் ஒவ்வொரு பீரங்கியும் தனித்தனி இலக்கு, பட்டைகள் மற்றோர் இலக்கு. ஒவ்வொரு முறையும் காப்பவர் எதைச் சுடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். பீரங்கிகளைச் சுட்டால் தன் படை பிழைக்கும், ஆனால் ஓகர் நிற்காமல் கட்டளையகத்தை நெருங்கும். பட்டைகளைச் சுட்டால் அதன் வேகம் குறையும், ஆனால் அதுவரை அது சுட்டுக்கொண்டே வரும். பட்டைகளைக் குறிவைக்கும் தாக்குதல் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், இரு பக்கமும் ஒரே வலிமை கொண்டவை என்ற சமபல விகிதத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது. பகடையில் 5 அல்லது 6 விழுந்தால், தாக்கிய பிரிவின் வலிமைக்குச் சமமான பட்டைகள் போகும். மற்ற எண்கள் வீண். ஆகவே 45 பட்டைகளையும் அழிப்பதற்குச் சராசரியாக 135 புள்ளி வலிமைக்குச் சுட வேண்டும் என்று கணக்கிடலாம். நான்கு புள்ளி வலிமையுள்ள கனரக டாங்கி ஒன்றினால் அது ஏறத்தாழ 34 முறை சுடுவதாகும். 15 பட்டைகள் போகும்போதெல்லாம் ஓகரின் வேகம் ஒரு கட்டம் குறைகிறது. மூன்று கட்ட வேகம் இரண்டாகிப் பின் ஒன்றாகும்போது காப்பவர் நெஞ்சில் எழும் நம்பிக்கையை நான் எத்தனை முறை உணர்ந்திருந்தாலும் அது எனக்குப் பழகிப் போகவில்லை.

இரு தரப்பும் ஒரே வகைக் காய்களுடன் மோதுவதுதான் நியாயமான ஆட்டம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, முற்றிலும் வேறுபட்ட இரு தரப்புகளுக்கும் வெற்றி வாய்ப்பைச் சமமாக அமைக்க முடியும் என்று இந்த விளையாட்டு காட்டியது. அதனால்தான் இது எனக்கு முதன்மையானது.

கேள்வி: பகடையை உருட்டி வெற்றியைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் அறிவுக்கு என்ன வேலை இருக்கிறது?

பதில்: எந்த இடத்தில், எத்தனை பிரிவுகளைச் சேர்த்து, எந்த விகிதத்தில் தாக்குவது என்பதை முடிவு செய்த பிறகே பகடை கைக்கு வருகிறது என்பதால், அறிவின் வேலை பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இருப்பினும் பகடையே வேண்டாம் என்பவருக்கு அதே வரிசையில் 1977இல் வந்த 'வார்ப்வார்' இருக்கிறது. ஹோவர்ட் தாம்சன் வடிவமைத்த அந்த விளையாட்டில் நம் கப்பல்களை நாமே புள்ளிகள் கொடுத்துக் கட்டுகிறோம்: உந்துவிசைக்கு இவ்வளவு, கதிர் ஆயுதத்துக்கு இவ்வளவு, கவசத் திரைக்கு இவ்வளவு, ஏவுகணைக்கு இவ்வளவு என்று. விண்மீன்களுக்கிடையே தாவும் இயந்திரத்தைப் பொருத்தினால் அதற்கும் புள்ளி செலவாவதால், இருந்த இடத்திலேயே காவல் நிற்கும் கப்பல் அதே செலவில் வலிமை மிக்கதாகிறது. போரின்போது இருவரும் தாக்குவதா, விலகுவதா, பின்வாங்குவதா என்பதையும் ஆற்றலை எப்படிப் பங்கிடுவது என்பதையும் மறைவாக எழுதி, ஒரே நேரத்தில் வெளிப்படுத்துகிறார்கள். எதிராளியின் மனத்தைப் படிப்பது ஒன்றே வழி. தோற்றால் பகடையின் மீது பழி போட முடியாது.

கேள்வி: விண்வெளிக்கு மூன்று பரிமாணங்கள் உண்டு; அங்கே உராய்வும் இல்லை. தட்டையான தாளில் கப்பலைக் கட்டம் கட்டமாக நகர்த்துவது பொய்யான விண்வெளி அல்லவா?

பதில்: நல்ல கேள்வி. அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றில் விண்கப்பல்கள் கடற்கப்பல்களைப் போலவே நகர்ந்தன என்பது உண்மை. ஆனால் நீங்கள் சொல்லும் குறையின் இரு பாதிகளையும் இரண்டு விளையாட்டுகள் தனித்தனியே எதிர்கொண்டன.

உராய்வைப் பற்றிய பாதிக்கு விடை, ஜி.டி.டபிள்யூ. நிறுவனம் 1973இல் வெளியிட்ட 'டிரைபிளானெட்டரி'. மார்க் மில்லரும் ஜான் ஹார்ஷ்மனும் வடிவமைத்தது. சூரியனும் உட்கோள்களும் வரைந்த படத்தின் மீது மெழுகுப் பென்சிலால் கப்பலின் பாதையை அம்புக்குறியாக வரைய வேண்டும். சென்ற முறை எந்தத் திசையில் எத்தனை கட்டம் சென்றதோ, இம்முறையும் கப்பல் அதே திசையில் அத்தனை கட்டம் செல்லும். ஓர் அலகு எரிபொருளை எரித்தால் அந்த அம்பின் நுனியை ஒரு கட்டம் நகர்த்திக்கொள்ளலாம். கோளை ஒட்டிய கட்டங்களைக் கடந்தால் ஈர்ப்பு விசை நுனியைக் கோளை நோக்கி ஒரு கட்டம் இழுக்கும். விதி இவ்வளவே. ஆனால் இதன் விளைவைப் பாருங்கள்: முறைக்கு நான்கு கட்ட வேகத்தில் செல்லும் கப்பல் நிற்க வேண்டுமானால், நான்கு முறை தொடர்ந்து எரிபொருளை எரித்து, 3, 2, 1 என வேகத்தைக் குறைத்து, இதற்கிடையில் ஆறு கட்டங்களைக் கடந்த பிறகே நிற்கும். இதை மறந்து எதிரியைத் துரத்துபவர், அவனைத் தாண்டிப் பறந்துபோய், திரும்பி வர எரிபொருள் இல்லாமல் தவிப்பார். நியூட்டனின் முதல் விதியைப் பள்ளிப் பாடமாகப் படித்தபோது விளங்காத ஏதோ ஒன்று எனக்கு அந்த மெழுகுப் பென்சில் கோடுகளில்தான் விளங்கியது. அதே நிறுவனம் 1978இல் வெளியிட்ட 'மேடே' இதே கருத்தை எழுதுகோல் இல்லாமல் செய்தது: ஒவ்வொரு கப்பலுக்கும் முன்பு இருந்த இடம், இப்போது இருக்கும் இடம், இனி இருக்கப்போகும் இடம் என மூன்று வில்லைகள்.

மூன்றாம் பரிமாணத்துக்கு விடை, ரெட்மண்ட் சைமன்சன் வடிவமைத்து எஸ்.பி.ஐ. நிறுவனம் 1974இல் வெளியிட்ட 'ஸ்டார்ஃபோர்ஸ்: ஆல்ஃபா சென்டாரி'. நம் சூரியனுக்கு அருகிலுள்ள உண்மையான விண்மீன்களே அதன் வரைபடத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது தாளின் தளத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதைக் காட்டும் எண் அச்சிடப்பட்டிருக்கும். தாளில் 3 அலகு தள்ளியும் உயரத்தில் 4 அலகு வேறுபட்டும் இருக்கும் விண்மீன், உண்மையில் 5 அலகு தொலைவில் இருக்கிறது; பார்வைக்கு அண்டை வீடாகத் தெரிவது சிலவேளை வரைபடத்தின் மறுமூலையைவிடத் தொலைவாகிவிடும். போர் விதிகளைப் பொறுத்தவரை இதைவிடச் சுவையான விளையாட்டுகள் உண்டு என்றே சொல்வேன். ஆனால் அந்த வரைபடத்தின் முன் ஒரு மாலை அமர்ந்தவர், இரவு வானத்தைப் பிறகு ஒருபோதும் தட்டையாகப் பார்க்க மாட்டார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தோன்றிய 'தி ஹியூமன் லீக்' இசைக்குழு தன் பெயரை இந்த விளையாட்டிலிருந்தே எடுத்துக்கொண்டது என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

கேள்வி: சண்டை மட்டுமன்றி அரசியலும் உள்ள விளையாட்டு எது?

பதில்: 'இம்பீரியம்', 1977, மீண்டும் ஜி.டி.டபிள்யூ. வளர்ந்துவரும் பூமி மனிதர்களுக்கும் பழம்பெரும் பேரரசு ஒன்றுக்கும் இடையிலான மோதல் இது. பேரரசின் பக்கம் ஆடுபவர் பேரரசர் அல்லர். தொலைவிலுள்ள எல்லை மாகாணத்தின் ஆளுநர் மட்டுமே. அவருக்கு வரும் பணமும் படையும் மேலிடத்தின் மனநிலையைப் பொறுத்தவை. ஒரே போரோடு ஆட்டம் முடிவதும் இல்லை. ஒரு போர் ஓய்ந்ததும் இடைக்கால அமைதி வருகிறது. அப்போது படைகள் தேய்கின்றன, குடியேற்றங்கள் வளர்கின்றன, பிறகு அடுத்த போர் மூள்கிறது. இன்றைய போரில் தோற்றாலும் நல்ல இடங்களைப் பிடித்துக்கொண்டு தோற்றவர் அடுத்த போரை முன்னிலையில் தொடங்கலாம். தோல்வியைக்கூடத் திட்டமிட வேண்டிய இத்தகைய ஆட்டத்தை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

கேள்வி: தனியாக ஆட ஏற்றது எது?

பதில்: தனி ஆளுக்கென்றே செய்யப்பட்டவற்றுள் ஜான் பட்டர்ஃபீல்டு வடிவமைத்து 1981இல் வந்த 'வாயேஜ் ஆஃப் தி பி.எஸ்.எம். பண்டோரா' குறிப்பிடத்தக்கது. ஆனால் என் பரிந்துரை இங்கும் ஓகர்தான். இரு தரப்பின் இயல்பும் அவ்வளவு வேறுபட்டிருப்பதால், ஒருவரே இருவருக்காகவும் ஆடும்போது மனம் ஒரு பக்கம் சாய்வதில்லை.

கேள்வி: 'ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்' விதிப் புத்தகத்தைப் படித்து முடிக்கவே முடியவில்லை. நான் மட்டும்தானா?

பதில்: இல்லை. ஸ்டீபன் கோல் வடிவமைத்து 1979இல் சிறிய பையில் அடைத்து வெளிவந்த அந்த விளையாட்டு, பிற்சேர்க்கைகளால் ஆண்டுதோறும் பெருத்துக்கொண்டே போனது. எல்லாவற்றையும் படிக்க முயல வேண்டாம். ஒவ்வொரு முறையும் கப்பலின் ஆற்றலை இயக்கத்துக்கும் ஆயுதங்களுக்கும் தடுப்புத் திரைகளுக்கும் பங்கிட்டு எழுதும் படிவமே அதன் உயிர். ஆளுக்கொரு கப்பலை எடுத்துக்கொண்டு, அந்தப் பங்கீட்டையும் நகர்வையும் நேரடிச் சுடுதலையும் மட்டும் வைத்து இரண்டு ஆட்டங்கள் ஆடிப் பாருங்கள். மற்ற விதிகளைத் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: உறவினர் ஒருவர் கொடுத்த பழைய ஓகர் தொகுப்பில் சில வில்லைகளைக் காணவில்லை. அதைப் பயன்படுத்த முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். முதலில் விதிப் புத்தகத்திலுள்ள பட்டியலோடு வில்லைகளை ஒப்பிட்டு, எவை இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வில்லையில் தாக்கும் வலிமை, சுடும் தொலைவு, காப்பு வலிமை, வேகம் ஆகிய நான்கு செய்திகளே இருப்பதால், அதே அளவு அட்டையில் அவற்றை எழுதினால் அது முழுமையான வில்லையாகிவிடும். மூலப் பொருளின் மீது எதையும் ஒட்டவோ நெகிழித் தாளால் மூடவோ வேண்டாம். வரைபடத்தை மடிப்பு விழுந்த கோடுகளிலேயே மடித்து வையுங்கள். ஓகரின் சேதக் குறிப்புத் தாளைப் படியெடுத்துக்கொண்டு, படியில் மட்டுமே எழுதுங்கள்.