சர்ஜரி வாசலில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் டென்டல் நர்ஸ் (பல் வைத்தியருக்கு உதவியாள்). 2023 மார்ச்சில் ஜி.டி.சி.யில் (பல் துறையினரைப் பதியும் பிரிட்டிஷ் கவுன்சில்) பதிவானேன். முதல் வருஷம் 14 மணி சி.பி.டி. (தொழில் தொடர்கல்வி) செய்தேன். அடுத்த வருஷம் வயிற்றில் பிள்ளை, 3 மணிதான் முடிந்தது. இந்த வருஷம் இன்னும் ஒன்றுமில்லை, வேலைக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மச்சாள், "மூன்று வருஷத்தில் 450 மணி வேலை காட்டாவிட்டால் உன்ரை பதிவு போய்விடும்" என்கிறா. கணக்குக்காவது சனிக்கிழமைகளில் போய் நிற்கட்டோ? பிள்ளையைப் பார்க்க ஆளில்லை.

பதில்: மச்சாள் பொய் சொல்லவில்லை தங்கச்சி. அவ தன்னுடைய விதியைச் சொல்லியிருக்கிறா. ஆஸ்பத்திரி நர்ஸுகளைப் பதிவு செய்வது என்.எம்.சி. 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது அவர்கள் 450 மணி வேலையும் 35 மணி படிப்பும் காட்ட வேண்டும். நர்ஸ், மருத்துவிச்சி இரண்டாகவும் பதிந்திருந்தால் வேலை மணி 900. உங்கள் வேலைப் பெயரிலும் 'நர்ஸ்' இருப்பதால் வந்த குழப்பம் இது. உங்கள் பெயர் இருப்பது பல் வைத்தியர்களையும் பதியும் ஜி.டி.சி.யின் பதிவேட்டில். அங்கே பதிவைப் புதுப்பிக்க வேலை மணிக் கணக்கு கிடையாது. சனிக்கிழமை நீங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் யாரும் இதே மாதிரிப் பயமுறுத்தினாலும் ஆச்சரியப்படாதீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நெடுங்காலம் அப்படி ஒரு கணக்கு இருந்தது: 3 வருஷத்தில் பல் வைத்தியருக்கு 900 மணி வேலை, உதவியாளருக்கு 600. வாட்ஸ்அப்பில் வரும்போது எந்த நாட்டு விதி, யாருக்கான விதி என்பதெல்லாம் உதிர்ந்துபோய் எண் மட்டும்தான் வந்து சேரும்.

அதற்காக நிம்மதியாகத் தொட்டிலை ஆட்டிக்கொண்டு இருந்துவிடவும் வேண்டாம். உங்களுக்கு ஆபத்து இருப்பது அந்த 3 மணியில்.

டென்டல் நர்ஸுக்கு 5 வருஷச் சுற்றில் 50 மணி சி.பி.டி. வேண்டும். உங்கள் சுற்று 2023 ஆகஸ்ட் 1இல் தொடங்கி 2028 ஜூலை 31இல் முடிகிறது. இதை எல்லோரும் அறிவார்கள். பலர் மறப்பது அடுத்த வரியை: அடுத்தடுத்த எந்த 2 வருஷத்தைக் கூட்டினாலும் 10 மணிக்குக் குறையக் கூடாது. முதல் இரண்டு வருஷம் 14உம் 3உம், 17. சரி, தப்பிவிட்டீர்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டும்போது அந்த 3தான் கையில் நிற்கும். ஆகவே 2026 ஜூலை 31க்குள் குறைந்தது 7 மணி செய்தே ஆக வேண்டும். செய்தால் மொத்தம் 24. மிச்சம் 26 மணி கடைசி இரண்டு வருஷத்துக்கு.

பிள்ளைப்பேற்று விடுப்பில் இருக்கிறேன் என்று சொல்லி இதிலிருந்து விலக்குக் கேட்க முடியாது. சுகவீனத்துக்கும் விலக்கு இல்லை. தகுந்த காரணம் இருந்தால் கால அவகாசம் கேட்டு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். இது கடுமையான விதி என்பதுதான் என் எண்ணம். ஆனால் என் எண்ணத்தைக் கேட்டு ஜி.டி.சி. நடப்பதில்லை.

நாள் முழுக்க எச்சில் உறிஞ்சும் சக்ஷன் குழாயைப் பிடித்துக் கால் வீங்க நின்றாலும் அதில் ஒரு நிமிஷம்கூட இந்த 50இல் சேராது. படிப்பு மணிதான் சேரும், அதுவும் சான்றிதழ் ஒழுங்காக இருந்தால். புதிதாகச் சேரும் பிள்ளைகளின் கோப்பை வாங்கிப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. சான்றிதழ்கள் தடிப்பாகத்தான் இருக்கும். பற்பசைக் கம்பனி ஆள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாண்ட்விச் தட்டோடு வந்து பேசிவிட்டுக் கொடுத்த ஒன்று, நீலக் கரை, தங்க முத்திரை, பெயர் எழுத ஒரு கோடு. எத்தனை மணி என்று இருக்காது. இருந்தால், பாடம் தர உறுதி செய்யப்பட்டது என்ற வரி இருக்காது. உங்கள் பெயர், திகதி, மணி, தலைப்பு, படிப்பின் நோக்கம், ஏ, பி, சி, டி என்று ஜி.டி.சி. வகுத்திருக்கும் நான்கு படிப்புப் பலன்களில் எது, நடத்தியவர் யார், தர உறுதி, இத்தனையும் தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சாண்ட்விச் சாப்பிட்டதுதான் மிச்சம். அன்றைக்கே கேட்டால் திருத்தித் தருவார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் அந்தக் கம்பனியில் அந்த ஆளே இருக்க மாட்டார்.

ஒன்லைன் வகுப்பும் கணக்கில் சேரும், ஆகவே பிள்ளை தூங்கும் நேரம் போதும். ஆனால் அவசர மருத்துவப் பயிற்சியை மட்டும் நேரில் போய்ச் செய்யுங்கள். சுற்றுக்கு 10 மணி, வருஷத்துக்கு 2 மணியாவது என்று ஜி.டி.சி. வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது. பொம்மையின் நெஞ்சைத் திரையில் அழுத்த முடியாது. ஒக்சிஜன் சிலிண்டரின் திறப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கிருமிநீக்கத்துக்கு 5 மணி, எக்ஸ்ரே பாதுகாப்புக்கு 5 மணி என்றும் பரிந்துரை உண்டு. அவற்றை வீட்டிலேயே முடிக்கலாம்.

அப்புறம், வருஷாந்தப் பதிவுக் கட்டணமும் தொழில் பொறுப்புக் காப்புறுதி உறுதிமொழியும் ஜூலை 31க்குள் போக வேண்டும். வேலைக்குப் போகாதபோது காப்புறுதி எதற்கு என்று யோசிப்பீர்கள். மறுபடி வேலை தொடங்கும்போது எடுத்திருப்பேன் என்று உறுதி சொன்னால் போதும். சி.பி.டி. மணியைத் தனியாக அறிவிக்க வேண்டும், ஆகஸ்ட் 28 வரை அதற்கு நேரம் இருக்கிறது. பூச்சியம் என்றாலும் பூச்சியம் என்று அறிவிக்க வேண்டும். பெயர் ஏட்டிலிருந்து போய்விட்டால் டென்டல் நர்ஸாக ஒரு நாள்கூட நிற்பது சட்டத்துக்கு மாறு. திரும்பச் சேர விண்ணப்பம், கட்டணம், சி.பி.டி. ஆதாரம் என்று எல்லாம் முதலிலிருந்து.

கேள்வி: நான் லண்டன் ஹரோவில் பல் வைத்தியர், என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) நோயாளிகளையும் பார்த்தவன். அப்பாவைப் பார்க்க யாழ்ப்பாணம் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கட்டணம், சி.பி.டி. எல்லாம் சரி. திரும்பி வந்ததும் வேலை தொடங்கலாமா?

பதில்: ஜி.டி.சி. பக்கம் சிக்கல் இல்லை டொக்டர். 5 வருஷத்துக்கு 100 மணி சி.பி.டி., உங்கள் வருஷம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். அங்கேயும் வேலை மணிக் கணக்கு இல்லை. ஆனால் இங்கிலாந்தில் என்.எச்.எஸ். வேலை செய்ய 'பெர்ஃபோமர்ஸ் லிஸ்ட்' என்ற இன்னொரு பட்டியலிலும் பெயர் வேண்டுமே. முந்தைய 12 மாதத்தில் என்.எச்.எஸ். வேலை செய்ததாகக் காட்ட முடியாதவரை அந்தப் பட்டியலிலிருந்து நீக்க என்.எச்.எஸ்.க்கு அதிகாரம் உண்டு. கட்டாயம் நீக்குவார்கள் என்றில்லை, நீக்கலாம். ஆகவே விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே பட்டியலைக் கவனிக்கும் குழுவுக்கு மின்னஞ்சல் போட்டு, அப்பாவின் நிலையையும் திரும்பும் திகதியையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அவர்களிடமிருந்து கடிதம் வந்தால் பதில் போடக் கொடுத்திருக்கும் நாளைத் தவறவிட வேண்டாம்.

வந்து முதல் வாரமே வேர்ச் சிகிச்சைக்கு நாள் கொடுக்காதீர்கள். பரிசோதனை, சுத்தம் செய்தல், சின்ன நிரப்பல் என்று தொடங்கி, பக்கத்து அறையில் அனுபவமுள்ள ஒருவர் இருக்கும் நாட்களாகப் பார்த்து வேலையைப் போடச் சொல்லுங்கள். வரவேற்பில் இருக்கும் பிள்ளையிடம் ஒவ்வொரு நோயாளிக்கும் பத்து நிமிஷம் கூடுதலாக ஒதுக்கச் சொன்னால் அவ முகம் சுளிப்பா. பரவாயில்லை, சொல்லுங்கள்.