கேளுங்கள், சொல்கிறேன்: தோமையாரின் மூன்று இடங்கள்

கேள்வி: சென்னையில் தோமையார் தொடர்பான இடங்களை அம்மாவுக்கு ஒரே நாளில் காட்ட வேண்டும். முழங்கால் வலிக்காரர். எதில் தொடங்கலாம்? (வாசகி, பாளையங்கோட்டை)

சின்னமலையில் தொடங்குங்கள். நான் சைதாப்பேட்டைக்காரன், அந்தப் பாசத்தில் மட்டும் சொல்லவில்லை. இயேசுவின் சீடரான தோமையார் ஒளிந்திருந்தது சின்னமலை, ஈட்டியால் குத்துப்பட்டது பரங்கிமலை, அடக்கமானது சாந்தோம் என்பது மரபு. அந்த வரிசையில் போனால் கதையோடு போகலாம்.

சின்னமலைக் குகைக்குள் அம்மா குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு துவாரம் உண்டு. துரத்தி வந்தவர்களிடமிருந்து அந்த வழியாகத்தான் தப்பினாராம். அவருடைய கைத்தடம் என்று பாறையில் ஒரு பள்ளத்தைக் காட்டுவார்கள். எட்டு வயதில் என் கையை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. போன வருடமும் பார்த்தேன். ம்ஹும்.

பரங்கிமலை சுமார் 300 அடி உயரம். படிகளை விட்டுவிடுங்கள், வண்டி மேலேயே போகும். கோயில் பீடத்துக்குப் பின்னால் ஒரு கற்சிலுவை இருக்கிறது. 1547-இல் போர்ச்சுக்கீசியர் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. தோமையாரே செதுக்கியது என்பது நம்பிக்கை. அதைச் சுற்றியுள்ள எழுத்தோ பாரசீகத்துப் பஹ்லவி. ஆராய்ந்தவர்கள், பல நூற்றாண்டு பிந்தியது என்கிறார்கள். எனக்கு அதனால் மதிப்பு குறையவில்லை. பரங்கியர் கப்பல் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் கும்பிட்டார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

சாந்தோமில் கல்லறைக்குக் கீழே இறங்க வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாந்தோம் கல்லறை காலி என்கிறார்களே? (வாசகர், வேலூர்)

பெரும்பாலும் காலிதான். எலும்புகள் பழங்காலத்திலேயே எதெஸ்ஸாவுக்குப் போய்விட்டன என்பது மரபு. அது இன்றைய துருக்கியில் இருக்கிறது. அப்புறம் கியோஸ் தீவு. அங்கிருந்து 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனா. சாந்தோமில் ஒரு சிறு எலும்புத் துண்டும் ஓர் ஈட்டி முனையும் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: மயிலுக்கு எய்த அம்பு பட்டு இறந்தார் என்று பாட்டி சொன்னாரே? (வாசகி, மதுரை)

பாட்டி சொன்ன கதையை மார்க்கோ போலோவும் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேட்டிருக்கிறார். மயில்கள் சூழ ஜெபித்துக்கொண்டிருந்தவர் மேல் தவறுதலாக அம்பு பாய்ந்ததாம். மயிலாப்பூரில் இப்படி ஒரு கதை பிறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சரி, பரங்கிமலையில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அங்கே ஈட்டிதான்.